லிஸ்பன்: லிஃப்டில் ஏறி, நடந்து இறங்கி

லிஸ்பனில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாற்றம்தான். மேடு பள்ளத்தில் கணக்கிட வேண்டும். வரைபடத்தில் ஐந்து நிமிட நடை என்று தெரிகிற இடம், நேரில் போய் நின்றால் செங்குத்தான படிக்கட்டாக எதிரே நிற்கும். முதல் நாள் உற்சாகத்தில் எல்லா மேட்டையும் காலாலேயே ஏறியவர்கள், மதியம் இரண்டு மணிக்கு ஏதோ ஒரு திண்ணையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நல்ல சாப்பாடு அருகிலேயே இருக்கும். எழுந்து போகத் தெம்பு இருக்காது.

லிஸ்பன்காரர்கள் இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். பழனி மலையின் விஞ்ச் போல, சரிவில் கம்பியால் இழுக்கப்படும் பெட்டிகளை 1884இல் லாவ்ரா தெருவிலும், 1885இல் குளோரியா தெருவிலும், 1892இல் பிக்கா தெருவிலும் ஓடவிட்டார்கள். 1902இல் நகரின் நடுவே 45 மீட்டர் உயரத்துக்கு சாந்தா ஜுஷ்தா என்ற இரும்பு லிஃப்ட் எழுந்தது. 2025 செப்டம்பரில் குளோரியாவில் நடந்த விபத்தில் 16 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் இந்த விஞ்ச் சேவைகள் நிறுத்தப்பட்டன. எனவே இந்த அத்தியாயத்தின் நடைத்திட்டம் அவற்றை நம்பி அமைக்கப்படவில்லை. ஆனால் அவற்றைக் கட்டியவர்களின் யோசனை இன்றும் செல்லும்: மேலே போக இயந்திரம், கீழே வரக் கால்கள். அந்த யோசனையோடு ஊரின் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு முழுநாள் களைப்பில்லாமல் கழியும்.

புறப்படும் முன்

செருப்பை முதலில் கவனிக்க வேண்டும். லிஸ்பனின் நடைபாதைகள் கையளவுச் சதுரக் கற்களால் பாவப்பட்டவை. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அவை பளிங்குபோல் வழவழப்பாகிவிட்டன. தூறல் விழுந்தால் வழுக்கும். அடிப்பாகம் ரப்பராக, பிடிப்புள்ளதாக இருக்கும் ஷூ அவசியம். தோல் அடிப்பாகம் ஆபத்து.

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர், அக்டோபரிலும் நடப்பது சுகம். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம் என்பதால் கையில் ஒரு பாட்டில் இருந்தால் போதும். சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறை யூரோ இருக்கட்டும். சின்னக் கடைகள் சிலவற்றில் அட்டை செல்லாது.

காலை: சமதளத்தில் காபி

நாளைத் தொடங்கச் சரியான இடம் பைஷா. இரண்டு மேடுகளுக்கு நடுவே தேஜு நதியை நோக்கிக் கிடக்கும் சமதளப் பகுதி அது. அதன் வடக்கு முனையில் உள்ள ஃபிகெய்ரா சதுக்கத்தில் 1829இலிருந்து இயங்கிவரும் கொன்ஃபெய்தாரியா நசியொனால் என்ற இனிப்புக்கடை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளில் முட்டை மஞ்சளும் சர்க்கரையும் கலந்த பலகாரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். கல்லாவை ஒட்டிய மேடையில் நின்றபடி சாப்பிடுவதுதான் இந்த ஊர்க் காலைப் பழக்கம். நின்று குடித்தால் ஒரு விலை, வெளியே மேசை போட்ட இடத்தில் அமர்ந்தால் கூடுதல் விலை என்பது பல கடைகளில் வழக்கம்.

காபி கேட்பதில் ஒரு சின்னப் பாடம் உண்டு. ‘ஊமா பிக்கா’ என்றால் சிறு கோப்பையில் கெட்டியான கறுப்புக் காபி வரும். சாதாரணக் கடையில் ஏறக்குறைய ஒரு யூரோ. பால் வேண்டுமென்றால் கோப்பையில் ‘மெய்யா தெ லெய்த்’, உயரமான கண்ணாடித் தம்ளரில் ‘கலாவ்ங்’. கூடவே ‘தொராதா’ கேட்கலாம்: தடிமனாக வெட்டிய ரொட்டியைச் சுட்டு, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, விரல் அகலத் துண்டுகளாக வெட்டித் தருவார்கள். சைவக்காரர்களுக்குக் கவலையில்லாத காலை உணவு இது.

பக்கத்திலேயே ரோசியு சதுக்கம். இங்கே தலையைக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் மாறி மாறி, சதுக்கம் முழுக்க அலையடிக்கிறது. 1842இல் யுசேபியு ஃபுர்தாது என்ற ராணுவ அதிகாரி, சாவ்ங் ஜோர்ஜ் கோட்டையிலிருந்த கைதிகளைக் கொண்டு அங்கே கோலவரிசையில் கல் பாவச் செய்தார். அது ஊருக்குப் பிடித்துப்போக, சில ஆண்டுகளில் ரோசியுவுக்கும் இந்த அலைகள் வந்தன. அதிலிருந்து பரவியதுதான் இன்று போர்த்துகல் முழுக்கக் காணப்படும் கல்சாதா நடைபாதை. எங்காவது பழுது பார்க்கும் வேலை நடந்தால் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது வீணாகாது. தொழிலாளி தாழ்வான முக்காலியில் அமர்ந்து, கல்லை உள்ளங்கையில் வைத்து, சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். கல் வேண்டிய வடிவத்தில் பிளக்கும். அதை மணல் படுகையில் செருகி, அடுத்த கல்லை எடுப்பார். ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு உழைப்பு என்பது அப்போதுதான் புரியும். இந்தக் கைவேலை அழியாதிருக்க நகராட்சி 1986இல் ஒரு பயிற்சிப் பள்ளியையே தொடங்கியது.

ரோசியுவின் ஓரத்தில் சாவ்ங் தொமிங்குஷ் தேவாலயம். 1959இல் தீப்பிடித்த இந்தக் கோயிலை மறுபடி திறந்தபோது, கருகி வெடித்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். வெளியே, 1506இல் இந்த இடத்தில் தொடங்கிய யூதர் படுகொலைக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இரண்டையும் பார்க்கக் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

தரைக்கடியில் மீன் தொட்டி

ரோசியுவிலிருந்து நதிவரை போகும் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கும். காரணம் 1755 நவம்பர் 1. சகல புனிதர் திருநாளன்று காலை, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை, பிறகு நாள்கணக்கில் எரிந்த தீ. அமைச்சராக இருந்த பொம்பால், இடிபாட்டை அகற்றிச் சதுரக்கட்டமாகப் புதிய நகரை எழுப்பச் செய்தார். வீடுகளின் சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒரு கூண்டு அமைத்தார்கள். அதிர்ச்சியில் அது வளையும், உடையாது. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள். பொன் தெரு, செருப்புத் தைப்போர் தெரு என்று தொழிலுக்கொரு தெரு பெயர்பெற்றதும் அப்போதுதான்.

கொஹெய்ரூஷ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் தொல்லியல் காட்சியிடம் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் மீனை உப்பிலிட்ட தொட்டிகள் அங்கே கிடைத்தன. வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், கட்டணம் இல்லை. காலையிலேயே வாசலில் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மதியம் தட்டில் வரப்போகிற உப்பிட்ட மீனுக்கு இந்த ஊரில் எத்தனை நீண்ட வரலாறு என்பதை இதைவிட நேராகக் காட்டும் இடம் கிடையாது.

மேலே போக

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோர் மேட்டுக்கு 28ஆம் எண் ட்ராமைப் பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். மஞ்சள் நிற மரப்பெட்டி அழகுதான். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் அதில் நிற்கவே இடம் இருக்காது, ஜேப்படித் திருடர்களும் அதையே விரும்புவார்கள். ட்ராமில் போயே ஆக வேண்டுமென்றால் விடிகாலையில் போகலாம்.

நடப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஃபங்கெய்ரூஷ் தெருவில், சாதாரண வீட்டு வாசல்போல் தெரியும் ஒரு கட்டடத்துக்குள் நகராட்சியின் இலவச லிஃப்ட் உள்ளது. அதில் ஏறினால் மேலே மதலேனா தெருவில் கொண்டுவிடும். எதிர்ப்பக்கம் சற்று நடந்தால், பழைய சந்தைக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட். கீழ்த்தளத்தில் சூப்பர் மார்க்கெட் இருப்பதே அதற்கு அடையாளம். இரண்டையும் பிடித்தால் மேட்டின் பெரும்பகுதி வியர்வையில்லாமல் கடந்துவிடும். மீதி, பத்து நிமிட நிதான நடை.

மேலே சாவ்ங் ஜோர்ஜ் கோட்டை இருக்கிறது. நேரமும் ஆசையும் இருந்தால் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். நிதானமான நாளுக்கு அது கட்டாயமில்லை. அதைவிடச் சாந்தா லுசியா தேவாலயத்தை ஒட்டிய காட்சி மேடையில் அரை மணி நேரம் உட்காரலாம். காகிதப்பூக் கொடிக்கடியில் பெஞ்சுகள், கீழே ஓட்டுக்கூரைகள், அதற்கப்பால் கடலாகவே அகன்று கிடக்கும் தேஜு நதி. தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல வண்ண ஓடுகளாலான இரண்டு சித்திரங்கள் உண்டு. ஒன்றில் 1147இல் முதல் அரசர் அஃபோன்சு ஹென்ரிக்கஷின் படை கோட்டையைப் பிடிக்கும் காட்சி. மற்றொன்றில் பூகம்பத்துக்கு முந்தைய நதிக்கரை அரண்மனைச் சதுக்கம். பிற்பகலில் அதே சதுக்கத்தில் நிற்கப்போவதால், இந்தச் சித்திரத்தை நன்றாகப் பார்த்து வைக்க வேண்டும்.

அல்ஃபாமா: வழி தவறலாம்

அங்கிருந்து கீழே சரிந்து கிடப்பது அல்ஃபாமா. 1755இல் பெருமளவு தப்பித்த பழைய குடியிருப்பு அது. சந்துகளுக்கு ஒழுங்கே கிடையாது. கைப்பேசி வரைபடம் இங்கே அடிக்கடி தடுமாறும். அதைப் பைக்குள் போட்டுவிட்டு, எந்தப் படிக்கட்டு கீழே போகிறதோ அதில் இறங்கிக்கொண்டே இருந்தால் போதும். எப்படி இறங்கினாலும் நதிக்கரைதான் வரும்.

இது இன்னும் மக்கள் வாழும் இடம். சன்னலுக்கு வெளியே துணி காயும், வாசலில் பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாடகை ஏறியதால் பல குடும்பங்கள் வெளியேறி, வீடுகள் பயணியர் விடுதிகளாகிவிட்டன என்ற ஆதங்கம் அவர்களிடம் உண்டு. ஆகவே பெட்டியை உருட்டிச் சத்தம் போடுவதும், வீட்டுக்குள் கேமராவை நீட்டுவதும் கூடாது. ‘போங் தியா’ என்று காலை வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் நிச்சயம். செவ்வாயோ சனியோ என்றால், சற்றே விலகிச் சாந்தா கிளாரா மைதானத்தில் கூடும் ஃபெய்ரா த லாத்ரா பழம்பொருள் சந்தையைப் பார்க்கலாம். உடைந்த ஓட்டுச்சித்திரம், கிராமபோன் தட்டு, பித்தளைப் பூட்டு எல்லாம் தரையில் விரித்த துணியில் கிடக்கும்.

மதியச் சாப்பாடு: நாளின் முக்கிய நிகழ்ச்சி

பன்னிரண்டரை மணிக்கெல்லாம் சாப்பாட்டுக்கடையில் அமர்ந்துவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் ஒரு மணிக்கு வருவார்கள். மூன்று மணிக்குப் பல கடைகளில் அடுப்பு அணைந்துவிடும், பிறகு இரவு ஏழு ஏழரைக்குத்தான். படம்போட்ட மெனுவோடு வாசலில் நின்று கூப்பிடும் இடங்களைக் கடந்து போய்விடலாம். தேட வேண்டியது ‘தாஷ்கா’ என்ற சிறு குடும்பக் கடை. காகித மேசைவிரிப்பு, சன்னலில் கையால் எழுதி ஒட்டிய ‘ப்ராத்து து தியா’ என்ற அன்றைய சாப்பாட்டுப் பட்டியல், உள்ளே வேலையுடுப்பில் ஆட்கள்: இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் நுழையலாம்.

அமர்ந்தவுடன், கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வரும். அது இலவசம் அல்ல. ‘கூவேர்’ என்ற பெயரில் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் எடுத்துப் போகச் சொல்லலாம். கேட்காததற்கும் தொடாததற்கும் பணம் வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு முழுப் பங்கு பல கடைகளில் இருவருக்குக் காணும் என்பதால் ‘மெய்யா தோஸ்’ என்று அரைப் பங்கு கேட்பதில் தவறில்லை. முழு மீன் எடை போட்டு விற்கப்பட்டால், சுடும் முன்பே கிலோ விலையையும் மீனின் எடையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீன் சாப்பிடுபவர்கள் தவறவிடக் கூடாதது ‘பக்கல்யாவ்’. காட் மீன் கருவாடு அது. போர்த்துகல் கடலில் பிடிபடுவதல்ல. நியூஃபவுண்ட்லாந்து, நார்வே, ஐஸ்லாந்துக் கடல்களிலிருந்து உப்பிட்டு வருவது. ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகே அடுப்புக்குப் போகும். முதல்முறை சாப்பிட ஏற்றது ‘பக்கல்யாவ் ஆ ப்ராஷ்’: மீனை நார் நாராகப் பிய்த்து, வெங்காயத்தோடும் தீக்குச்சி அளவு பொரித்த உருளைக்கிழங்கோடும் புரட்டி, முட்டையை ஊற்றி இளகலாக இறக்கி, மேலே கறுப்பு ஆலிவும் பார்ஸ்லியும் தூவித் தருவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் கரியடுப்பில் சுட்ட மத்திமீனைத்தான் கேட்க வேண்டும். ஜூன் 12 இரவு, புனித அந்தோணியார் திருவிழாவன்று, அல்ஃபாமாவின் ஒவ்வொரு சந்திலும் மத்தி சுடும் புகை எழும்.

சைவக்காரர்கள் சற்று முன்யோசனையோடு இருக்க வேண்டும். ‘சேய்ங் கார்ன், சேய்ங் பெய்ஷ்’ (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்ற சொற்றொடரை மனப்பாடம் செய்துகொள்ளலாம். கீரையை நூலாக அரிந்து போடும் ‘கால்து வெர்து’ சூப்பில் ஒரு துண்டு பன்றிக்கறித் தொத்திறைச்சி மிதக்கும். காய்கறிச் சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம் என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடையில் ‘பெய்ஷின்யுஷ் த ஓர்தா’ இருந்தால் அதிர்ஷ்டம். முழு பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம் அது; ஜப்பானின் டெம்புரா போர்த்துகீசியரின் இந்த வகைப் பொரியலிலிருந்து பிறந்தது என்பார்கள். தக்காளிச் சோறு பக்கத்தில் வந்தால் சாப்பாடு நிறைவு. பருப்பும் சோறும் நினைவுக்கு வந்து தொல்லை செய்தால், மர்த்திங் மொனிஷ் சதுக்கத்தை ஒட்டிய பெங்ஃபொர்மோசு தெருவில் வங்கதேச, இந்தியக் கடைகள் வரிசையாக உள்ளன. கோவா வழியே வந்த ‘ஷமூசா’வோ நகரின் எந்தச் சாதாரணக் காபிக்கடையிலும் கிடைக்கும்; உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான்.

நதிக்கரையில் இரண்டு மணி நேரம்

வயிறு நிறைந்த பிறகு ஏற்றமே வேண்டாம். அல்ஃபாமாவின் அடியிலிருந்து மேற்கே நதியோரம் முழுக்கச் சமதளம். முதலில் வருவது 1523இல் எழுந்த காசா துஷ் பிக்குஷ்; முகப்பு முழுக்க வைரம்போல் பட்டை தீட்டிய கற்கள். நோபல் பரிசு பெற்ற ஜோசே சரமாகுவின் அறக்கட்டளை இப்போது இங்கே இருக்கிறது. எதிரே நிற்கும் ஆலிவ் மரத்தடியில்தான் அவரது அஸ்தி புதைக்கப்பட்டது. மரம் அவர் பிறந்த அசிஞ்யாகா கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்டது.

அதே தெருவில் 1930இலிருந்து நடக்கும் கொன்செர்வெய்ரா தெ லிஷ்போவா, டப்பா மீன் விற்கும் கடை. மத்தி, சூரை, கானாங்கெளுத்தி என்று மர அலமாரி நிறைய வண்ண டப்பாக்கள். வாங்கியதைக் காகிதத்தில் சுற்றி நூலால் கட்டித் தருவார்கள். ஊருக்கு எடுத்துப்போக இதைவிடக் கெடாத பொருள் கிடையாது; கைப்பெட்டியில் அல்லாமல் சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பிறகு கொமெர்சியு சதுக்கம், சாந்தா லுசியாவின் ஓட்டுச்சித்திரத்தில் பார்த்த இடம். அரண்மனை 1755இல் போயிற்று. அதோடு ஆசிய வணிகத்தை நடத்திய ‘காசா த இந்தியா’ அலுவலகமும் அழிந்தது. நம் கரையோர மிளகு கப்பலேறி வந்து கணக்கில் பதியப்பட்ட இடம் இது. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் நம் அம்மிக்கு வந்து சேர்ந்ததும் போர்த்துகீசியர் வழியாகத்தான். தமிழுக்கு இந்த ஊரோடு இன்னொரு உறவும் உண்டு. 1554இல் ‘கார்த்தில்யா’ என்ற சிறு சமய நூல் லிஸ்பனில் அச்சாயிற்று. தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்தில், போர்த்துகீசிய மொழியோடு சேர்த்து அச்சிடப்பட்டிருந்தன. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578இல். சதுக்கத்தின் விளிம்பில், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அங்கே அமர்ந்து அரை மணி நேரம் சும்மா இருப்பதும் திட்டத்தின் பகுதியே.

பிற்பகல்: மறுபடி மேலே

எதிர்மேட்டில் இருக்கும் ஷியாடுவுக்குப் போக, பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தில் நுழைந்தால் போதும். கீழ்வாசல் பைஷாவில், மேல்வாசல் ஷியாடுவில். நடுவே நீளமான நகரும் படிகள். டிக்கெட் வாசலைத் தாண்டாமலே மேலே போய்விடலாம். வெளியே வந்ததும் எதிரே 1905இல் திறந்த ‘அ ப்ரசிலெய்ரா’ காபிக்கடை, அதன் வாசலில் கவிஞர் ஃபெர்னாந்து பெசோவாவின் வெண்கலச் சிலை. படம் எடுப்போர் கூட்டம் அங்கே ஓயாது. அதே காரெட் தெருவில் கொஞ்சம் கீழே பெர்த்ராங் புத்தகக்கடை. 1732இல் தொடங்கியது, இன்றும் இயங்கும் உலகின் மிகப் பழைய புத்தகக்கடை என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. வளைவு வளைவாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும் அறைகளில் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

நாலு மணிப் பலகாரத்துக்கு லொரேத்து தெருவின் மந்தெய்கரியா. இங்கே விற்பது ஒன்றே ஒன்று: ‘பஷ்தெல் தெ நாத்தா’. கண்ணாடிக்குப் பின்னால் செய்முறை முழுக்கத் தெரியும். வெண்ணெய் மடித்த மாவைப் பாய்போல் சுருட்டி, வட்டு வட்டாக வெட்டி, சின்னக் கிண்ண அச்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி விளிம்புவரை ஏற்றுகிறார்கள். அதில் முட்டை மஞ்சள், பால், சர்க்கரைப் பாகு கலந்த குழம்பை ஊற்றி, மிகக் கடுமையான சூட்டில் சில நிமிடம். மேலே கரும்புள்ளிகள் விழுந்திருந்தால்தான் சரியான பதம். புதுத் தட்டு வெளிவரும்போது மணி அடிப்பார்கள். அந்த மணிக்குக் காத்திருந்து, பட்டைத்தூளைத் தூவி, நாக்கைச் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, நின்றபடியே சாப்பிட வேண்டும். பெட்டியில் வாங்கி அறைக்குக் கொண்டுபோனால் மொறுமொறுப்பு போய்விடும்.

பக்கத்திலேயே கார்மு மடம். 1755இல் கூரை விழுந்த கோதிக் தேவாலயம், இன்றும் வானமே கூரையாக நிற்கிறது. அதன் முன்சதுக்கத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு: 1974 ஏப்ரல் 25 அன்று, அங்குள்ள காவல்படை முகாமில் அடைக்கலம் புகுந்த பிரதமர் மார்செலு கயித்தானு சரணடைய, அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய சர்வாதிகாரம் முடிந்தது. மடத்துக்குப் பக்கவாட்டில் உள்ள மொட்டைமாடியிலிருந்து சாந்தா ஜுஷ்தா லிஃப்டின் இரும்பு வேலைப்பாட்டை வரிசையில் நிற்காமலே அருகில் பார்க்கலாம்.

இரவு

பொழுது சாயும்போது சாவ்ங் பெத்ரு தெ அல்காந்தாரா பூங்காவுக்கு நடந்தால், காலையில் நின்ற கோட்டை மேடு எதிரே பொன்னிறமாகத் தெரியும். பூங்காவுக்குப் பின்னால் பைரு அல்து. எட்டு மணிக்குமேல் உயிர்பெறும் சந்துகள். இரவுக்குக் கனமான சாப்பாடு தேவைப்படாது. ஒரு சூப், ஒரு ரொட்டி. இறைச்சி சாப்பிடுபவர்களுக்குப் பூண்டுச் சாற்றில் ஊறிய பன்றிக்கறியை ரொட்டிக்குள் வைத்த ‘பிஃபானா’.

யுனெஸ்கோ 2011இல் மரபுப் பட்டியலில் சேர்த்த ஃபாது இசையைக் கேட்க, மேடைநிகழ்ச்சிக்குப் பணம் கட்டுவதைவிடச் சிறு தாஷ்காக்கள் நல்லவை. விளக்கைத் தணிப்பார்கள், பன்னிரண்டு தந்தி கித்தாரும் சாதாரண கித்தாரும் துணைவர, ஒருவர் எழுந்து நின்று பாடுவார். பாடும்போது பேசக் கூடாது, தட்டில் கரண்டி ஓசை எழக் கூடாது, ஆர்டர் செய்யக் கூடாது. இந்த மரியாதையை ஊர்க்காரர்கள் கண்டிப்பாக எதிர்பார்க்கிறார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, மனம் நிறைந்தால் சில்லறையை மேசையில் வைத்துவிட்டு வரலாம். திரும்பும் வழி முழுக்க இறக்கம்தான். இருட்டில் கல் வழுக்கும் என்பதால் சுவரோரமாக நடப்பது நல்லது.

மறுநாளுக்கு

வாஸ்கோ ட காமா 1497இல் கப்பலேறிய பெலேம் இந்த நாளில் சேர்க்கப்படவில்லை. நகர மையத்திலிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர். அதற்குத் தனிக் காலைப்பொழுது வேண்டும். 15ஆம் எண் ட்ராம் ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து அங்கே போகிறது. 1837இலிருந்து பஷ்தெல் விற்கும் பெலேம் கடையில் வெளிவாசல் வரிசை நீளமாகத் தெரிந்தாலும், அது பெரும்பாலும் வாங்கிச் செல்வோருக்கானது. உள்ளே நிறைய அறைகள், அமர இடம் சீக்கிரம் கிடைக்கும். அங்குள்ள ஜெரோனிமுஷ் மடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். எனவே இந்த நடையை ஞாயிறன்று வைப்பவர்கள் பெலேமைச் செவ்வாய்க்குத் தள்ளிவைக்க வேண்டும். ஞாயிறன்று பல தாஷ்காக்களுக்கும் விடுமுறை என்பதால், நடைக்கு வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே வசதி.